கூடு விட்டுக் கூடு

சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்து கிடந்தான். மாடுகள் அவனைச் சுற்றி நின்று கதறின. அந்த வழியே வந்த சிவயோகியாருக்கு மனம் பொறுக்கவில்லை. தம் உடம்பை ஓரிடத்தில் மறைத்து வைத்துவிட்டு மூலன் உடம்பில் புகுந்தார். மாடுகள் துள்ளிக் குதித்தன. மூலனுடைய மனைவிதான், "ஆள் அவர்தான், உள்ளே இருப்பது வேறு யாரோ" என்ற ரீதியில் ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிட்டாள்.

திருமூலர் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதே வித்தை இன்று எங்கள் திருமயத்துப் பக்கம் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதும் தகரக் கொட்டகைகளில் நடந்து வருகிறது. மூலனுக்குப் பதில் மோட்டார் சைக்கிள். மனைவியின் ஸ்தானத்தில் மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர். அவ்வளவுதான் வித்தியாசம்.

யமஹா ஆர்.எக்ஸ். 100 என்ற வண்டியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1985-இல் வந்தது, 1996-இல் அதன் உற்பத்தி நின்றது. அண்ணனோ சித்தப்பாவோ ஒன்று வைத்திருப்பார். தெருமுனையில் அதன் சத்தம் கேட்டதுமே வீட்டில் காப்பிக்குப் பால் அடுப்பில் ஏறிவிடும். அந்த வண்டியின் என்ஜின் 98 சி.சி. அதே குடும்பத்தில் பின்னால் பிறந்த ஆர்.எக்ஸ். 135-இன் என்ஜின் 132 சி.சி. இரண்டிலும் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் ஒன்றே: 50 மில்லிமீட்டர். பிஸ்டனின் குறுக்களவுதான் 50-லிருந்து 58 ஆகியிருக்கிறது. ஆகவே அண்ணன் சட்டை தம்பிக்குப் பொருந்துவதுபோல், பெரிய என்ஜின் சின்ன வண்டியின் கூட்டில் அதிக வெட்டும் ஒட்டும் இல்லாமல் உட்கார்ந்துவிடுகிறது. எட்டு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொள்ளளவு கூடிவிட்டது. பந்தய வண்டி தயார் என்று பையன்கள் கைதட்டுகிறார்கள்.

இந்தக் காரியத்தைப் பற்றி இரண்டு கட்சிகள் இருக்கின்றன. இரண்டோடும் எனக்குச் சண்டை உண்டு.

முதல் கட்சி, கண்ணியமான கனவான்களின் கட்சி. "படிக்கிற வயசில் கையில் கிரீஸைப் பூசிக்கொண்டு திரிகிறான்கள், காலித்தனம்" என்று அவர்கள் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். நான் அவர்களை ஒன்று கேட்கிறேன். ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முகத்தைப் பார்த்து வியாதி சொல்ல உங்களால் முடியுமா? அந்தப் பையனால் முடியும். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, என்ஜின் சுடுகிறது. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். காப்பிப் பொடி நிறமாயிருந்தால் எல்லாம் சரி. நாடி பார்க்கிற வைத்தியருக்கு இதைவிட என்ன சாஸ்திரம் தெரியும்? என்ஜினை மாற்றியதும் கார்புரேட்டரின் ஜெட்டை மாற்ற வேண்டும். பின் சக்கரத்துப் பல்சக்கரத்துக்கு எத்தனை பல் என்று கணக்குப் போட வேண்டும். பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்ட பையன் பட்டறையில் பின்னக் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கிறான். பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுக்காததை ஒரு பழைய என்ஜின் சொல்லிக் கொடுத்திருக்கிறது. இதற்குக் காலித்தனம் என்று பெயர் வைத்தால், கல்விக்கு வேறு பெயர் தேட வேண்டியதுதான்.

இரண்டாவது கட்சி, அந்தப் பையன்களை முதுகில் தட்டிக் கொடுத்துச் சாலைக்கு அனுப்புகிற கட்சி. இவர்கள்மேல் எனக்குக் கோபம் இன்னும் அதிகம். என்ஜினை மாற்றினீர்கள், சரி, பிரேக்கை மாற்றினீர்களா? வேகம் ஒன்றுக்கு இரண்டானால் பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரம் ஒன்றுக்கு நான்காகும். இது பௌதிக சாஸ்திரத்தின் விதி. எந்த மெக்கானிக்கும் இதற்கு விலக்கு வாங்கித் தர முடியாது. அந்தக் காலத்து டிரம் பிரேக்கும், ஒல்லியான டயரும், பல வருஷம் மழையும் வெயிலும் கண்ட கூடும் புது வேகத்துக்குப் பிறந்தவை அல்ல. போதாததற்கு இவை டூ ஸ்ட்ரோக் வண்டிகள். ஆக்ஸிலேட்டரை விட்டதும் என்ஜினே இழுத்துப் பிடித்து வேகத்தைக் குறைக்கும் என்று அதிகம் நம்ப முடியாது. காளையைப் பெரிதாக்கிவிட்டு மூக்கணாங்கயிற்றைப் பழைய நூலாகவே விட்டுவிட்டு, அதைச் சந்தைக் கூட்டத்துக்கு நடுவே ஓட்டிப் போகிறவனை வீரன் என்று நான் சொல்லமாட்டேன்.

அதோடு, ஆர்.சி. புத்தகத்தில் ஒரு நம்பர், என்ஜினில் ஒரு நம்பர் என்று ஓட்டுவது பொய். இருக்கிற நம்பரைத் தேய்த்துவிட்டு வேறு நம்பர் கொத்துவது கள்ளக் கையெழுத்து. யாரோ ஒருவரின் வாசலில் திருடுபோன வண்டி, என்ஜின் வேறாகவும் கூடு வேறாகவும் பிரிந்து மறைந்து போவது இந்தச் சந்து வழியாகத்தான்.

ஆகவே சட்டம் கண்டிப்பாக இருப்பதில் நியாயம் இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் கேரளத்து வழக்கு ஒன்றில் அதையே உறுதிப்படுத்தியது. அதே வருஷம் திருத்தப்பட்ட சட்டம், அனுமதியில்லாத மாறுதலுக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாறுதல் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. அதே 52-ஆவது பிரிவில் ஒரு வேடிக்கையும் உண்டு. பத்துக்குக் குறையாத போக்குவரத்து வாகனங்கள் வைத்திருப்பவர், அதே தயாரிப்பு, அதே ரக என்ஜினை முன் அனுமதி இல்லாமலே மாற்றிக்கொள்ள ராஜ்ய சர்க்கார் இடம் கொடுக்கலாம். பத்து பஸ் முதலாளியிடம் இருக்கிற நம்பிக்கை ஒற்றை வண்டிக்காரனிடம் இல்லை! போகட்டும். சாலை எல்லாருக்கும் பொது. அங்கே சட்டம் சொல்வதே சரி.

என் வழக்கு வேறு. சட்டம் "இங்கே கூடாது" என்று சொல்கிறது. "பின் எங்கே?" என்ற கேள்விக்கு யார் பதில் சொல்வது?

எங்கள் ஊரில் ஒரே குன்றைக் குடைந்து சிவனுக்கு ஒரு கோயிலும் பெருமாளுக்கு ஒரு கோயிலும் எடுத்திருக்கிறார்கள். இரண்டு கோயில்காரர்களுக்கும் சொத்து விஷயத்தில் பெரும் தகராறு நடந்தது. 1245-இல் ஹொய்சளத் தளபதி அப்பண்ணா முன்னிலையில் அது தீர்ந்ததைக் கல்வெட்டுச் சொல்கிறது. எப்படித் தீர்ந்தது? ஒரு சாமியை ஊரை விட்டுத் துரத்தியா? இல்லை. அவரவருக்கு உரிய பங்கைப் பிரித்துக் கொடுத்து. அந்த விவேகம் நமக்கு வேண்டாமா?

மோட்டார் பந்தயத்தில் சென்னை அந்த விவேகத்தைக் காட்டியிருக்கிறது. சோழவரத்தில் இரண்டாம் உலக யுத்தத்துக்காகப் போட்ட விமானத் தளத்தில் பல வருஷங்கள் பந்தயம் நடந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே தனி ஓடுதளம் வந்தது. கோயம்புத்தூர் கரிவர்தன் என்ன செய்தார்? குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போகிற மாருதி காரின் என்ஜினை எடுத்து ஒற்றை ஆள் பந்தயக் காரில் வைத்தார். கூடு விட்டுக் கூடு பாய்ச்சுகிற அதே வித்தைதான்! அந்த ஃபார்முலா மாருதியில் பந்தயம் ஓட்டத் தொடங்கியவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் அவர். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். 2003-இல் கோவையில் அவர் பெயரால் பந்தயத் தளம் எழுந்தது. மில் முதலாளி வீட்டுப் பிள்ளை செய்தால் சாதனை. பட்டறைப் பையன் செய்தால் காலித்தனம். இந்தத் தராசு எந்தக் கடையில் வாங்கியது?

எங்கள் பக்கத்துப் பையன் இருங்காட்டுக்கோட்டைக்குப் போக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டியை ஏற்றிச் செல்ல வேண்டும். லாரி வாடகைக்கு அவன் அப்பாவின் ஒரு மாதச் சம்பளம் போதாது. ஆகவே அவன் ராத்திரியில் காரைக்குடி சாலைக்குப் போகிறான். அந்தச் சாலை போகிற திசையில்தான், செட்டிநாட்டருகே, சோழவரத்தைப் போலவே யுத்த காலத்தில் போட்ட விமானத் தளம் ஒன்று இருக்கிறது. அதில் வருஷத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள் கேட்கிறேன். வளைவில் வைக்கோல் கட்டுகள், ஓர் ஆம்புலன்ஸ், ஒரு டாக்டர், வண்டியின் பிரேக்கையும் டயரையும் சோதித்து "நீ ஓடலாம், நீ கூடாது" என்று சொல்ல விவரம் தெரிந்த ஓர் ஆள், இவ்வளவே. அங்கே யார் எந்த என்ஜினை எந்தக் கூட்டில் வைத்தாலும் இன்ஸ்பெக்டருக்குக் கவலை இல்லை. பந்தய வண்டி லாரியில் வரும், லாரியில் போகும். சாலையைச் சக்கரத்தால் தொடாது. தொட்டால் பறிமுதல் செய்யுங்கள். நானே வந்து சாட்சி சொல்கிறேன்.

செலவாகுமே என்பீர்கள். ஆகும்தான். ஆனால் களம் கொடுக்காததும் இலவசம் அல்ல. அந்தச் செலவுக்கு ரசீது ஆஸ்பத்திரியில் எழுதப்படுகிறது. பணம் கட்டுகிறவர் பையனைப் பெற்றவர்.