மூச்சும் நாடியும்



1954-ஆம் ஆண்டுவரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் காரைக்காலுக்குப் பிரெஞ்சுச் சொற்கள் புதியனவல்ல. மூச்சடைப்பை அம்மொழியினர் ‘அஸ்ஃபிக்ஸி’ என்பர். அது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். ‘ஸ்ஃபிக்ஸிஸ்’ என்றால் நாடித்துடிப்பு. முன்னிற்கும் அகரம், ‘அநீதி’ என்பதிற்போல, இன்மையைக் குறிக்கும். ஆகவே நேர்ப்பொருள் ‘நாடியற்ற நிலை’ என்பதே. மூச்சைப் பற்றி அச்சொல் ஒன்றும் கூறவில்லை! நம் ‘மூச்சுத்திணறல்’ அன்றோ உள்ளதை உள்ளபடி உரைக்கிறது!

நீரில் மூழ்கியவருக்கு முதலில் நிற்பது மூச்சே. இதயமோ அதன்பின்னும் சில நிமிடங்கள் துடிக்கக்கூடும். அந்நிமிடங்களே உயிர்காக்கும் வேளை. கடலிலோ அரசலாற்றிலோ மூழ்கியவரைக் கரைசேர்த்ததும், தலைகீழாகத் தூக்கிச் சுழற்றி நேரத்தை வீணாக்காதீர்கள். மூச்சில்லையெனில் மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். பின்னர் மார்பின் நடுவே 30 முறை அழுத்துவதும் 2 முறை ஊதுவதுமாக மாறிமாறிச் செய்யுங்கள். மற்றொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

நாடி தட்டுப்படவில்லை என்று நீங்களே தீர்ப்பளித்துவிடாதீர்கள். மருத்துவ உதவி வந்துசேரும்வரை கைவிடாதீர்கள்.