பாலத்தின் நடுவில் திரும்புங்கள்

"பாலத்துக்கு நடுவுல போயி, இடது பக்கம் திரும்புங்க."

யாராவது உங்களுக்கு இப்படி வழி சொன்னால் என்ன நினைப்பீர்கள்? பினாங்குப் பாலத்தில் அப்படித் திரும்பினால் நேராகக் கடல்தான். ஆனால் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஸேன்ஸ்வில் என்ற ஊரில், இது சர்வசாதாரணமான வழி.

அந்த ஊரில் மஸ்கிங்கம் ஆற்றோடு லிக்கிங் ஆறு வந்து கலக்கிறது. நம் கோலாலம்பூரில் மஸ்ஜிட் ஜாமெக் பக்கத்தில் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேர்கின்றன அல்லவா, அதுபோல. இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் கரைகள் மூன்றாகிவிடும். சாதாரணமாக என்ன செய்வோம்? தனித்தனியாக இரண்டு பாலம் கட்டுவோம். ஸேன்ஸ்வில்காரர்கள் மூன்று கரையிலிருந்தும் ஆளுக்கொரு கையை நீட்டி, ஆற்றின் நடுவில் கோத்துவிட்டார்கள். வானத்திலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து 'ஒய்' போலவே இருக்கும். பெயரும் ஒய் பாலம்தான். பாலத்தைக் கடந்து முடித்த பிறகும் மஸ்கிங்கம் ஆற்றின் அதே கரையில் நிற்கலாம் என்பது அந்த ஊர்க்காரர்களின் பழைய நகைச்சுவை!

முதல் ஒய் பாலம் 1814-இல் வந்தது. அது நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் இரண்டாவது. 1832-இல் மூன்றாவது. 1902-இல் கான்கிரீட்டில் நான்காவது. அது 1913-இன் பெருவெள்ளத்தையும் தாங்கி நின்றது. இன்று வண்டிகள் ஓடுவது ஐந்தாவது பாலத்தில். அது 1984-இல் திறக்கப்பட்டது. ஐந்து முறை கட்டியிருக்கிறார்கள். ஒருமுறைகூட, "மூன்றாவது பக்கம் எதற்கு, செலவு மிச்சம்" என்று இரண்டு கரையோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

இந்த வகைப் பாலங்கள் உலகத்தில் அதிகம் இல்லை. இருப்பவற்றைப் பார்த்தால், மூன்று கைகளை நடுவில் சேர்க்க இரண்டு வழிகள் இருப்பது தெரியும்.

முதல் வழி சுலபம். நடுவில் ஒரு தூணை நட்டு, மூன்றையும் அதன்மேல் உட்கார வைப்பது. மிச்சிகன் மாநிலத்தின் மிட்லண்ட் நகரில் 1981-இல் அப்படி ஒரு மர நடைபாலம் கட்டினார்கள். அங்கேயும் இரண்டு ஆறுகள் கலக்கின்றன. சங்கமத்தின் நடுவில் 31 அடி உயரத்துக்கு ஒரு தூண். அதிலிருந்து மூன்று கரைக்கும் 180 அடி நீளத்தில் மூன்று கைகள். மூன்று என்பதற்கான 'ட்ரை', பாலத்துக்கான 'பிரிட்ஜ்' இரண்டையும் ஒட்டி 'ட்ரிஜ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எந்தக் கையில் நடந்தாலும் சுமையில் ஒரு பங்கு நடுத்தூணுக்குப் போகும்.

இரண்டாவது வழியைப் பார்க்க இங்கிலாந்தின் குரோலண்ட் ஊருக்குப் போக வேண்டும். அங்கே 14ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒரு கல் பாலம் இருக்கிறது. டிரினிட்டி பாலம் என்பார்கள். மூன்று பக்கமும் படிகள் ஏறி உச்சியில் கூடுகின்றன. கீழே குனிந்து பாருங்கள். நடுவில் தூணே கிடையாது!

பிறகு எது தாங்குகிறது? கொஞ்சம் பொறியியல் பேசலாம், பயப்பட வேண்டாம். வளைவில் பாதியை மட்டும் கட்டி விட்டுவிட்டால் அது நிற்காது, உள்பக்கமாக விழுந்துவிடும். சாய்ந்துகொள்ள எதிரில் இன்னொரு பாதி வேண்டும். குரோலண்டில் மூன்று அரைவளைவுகள் மூன்று திசையிலிருந்து வந்து, உச்சியில் ஒன்றின்மீது ஒன்று சாய்ந்திருக்கின்றன. ஒன்று தள்ளுவதை மற்ற இரண்டும் தாங்குகின்றன. அதில் ஏதாவது ஒன்றை எடுத்துவிடுங்கள். மிச்சம் இருக்கிற இரண்டும் நேருக்கு நேர் இல்லை, கோணத்தில்தான் இருக்கின்றன. அதனால் அவையும் நிற்காது. மூன்றாவது கை அங்கே வந்து ஒட்டிக்கொண்ட உபரி இல்லை. அது சாய்ந்திருப்பதால்தான் மற்ற இரண்டும் நிற்கின்றன.

நம் பாட்டிமார்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். அடுப்புக்கு மூன்று கல் வைத்தார்களே!

இந்தப் பாலங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு எங்கள் வானொலிக்கு வரும் குரல் பதிவுகள் நினைவுக்கு வந்தன. பெருநாள் நெருங்கும் வாரங்களில் பாட்டுக் கேட்டுப் பேசுகிறவர்கள், பாட்டோடு நிறுத்துவதில்லை. "அம்மா இருந்தவரைக்கும் எல்லாரும் ஒரே வீட்டுல கூடுவோம். இப்ப யாரும் யாரையும் பார்க்கிறதில்ல." ஊர் மாறும், குரல் மாறும், இந்த வாக்கியம் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது.

பல வீடுகள் மிட்லண்ட் பாலம் மாதிரி. நடுவில் அம்மாவோ அப்பாவோ தூணாக நிற்கிறார்கள். அண்ணன் ஜோகூரில், அக்கா ஈப்போவில், தம்பி சிங்கப்பூரில் என்று மூன்று பேரும் மூன்று கரையில் இருந்தாலும், செய்தியெல்லாம் அம்மா வழியாகத்தான் போய் வரும். "அண்ணனுக்கு உடம்பு சரியில்லையாம், ஒரு வார்த்தை கேட்டுரு." "அக்கா கோபமா இருக்கா, நீயே முதல்ல கூப்பிடு." பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாயப் பழகுவதே இல்லை. அதற்குத் தேவையும் வருவதில்லை.

ஒரு நாள் தூண் போய்விடுகிறது.

பதினாறு முடிந்த கையோடு வீடு, நகை, வங்கிக் கணக்கு என்று பேச வேண்டியவை வரிசையாக வந்து நிற்கும். பக்கத்தில் இருக்கிற இருவர், அல்லது வேகமாகப் பேசுகிற இருவர், முடிவை எடுத்துவிடுவார்கள். மூன்றாமவருக்கு வாட்ஸ்அப்பில் தகவல் மட்டும் போகும். "நீ எதுக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு நினைச்சோம்" என்று ஒரு விளக்கமும் கூடவே போகும். சண்டைகூட நடக்காது. அவர் அடுத்த தீபாவளிக்கு வர மாட்டார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வேடிக்கை என்னவென்றால், ஒற்றுமையாக முடிவெடுத்த அந்த இருவரும் அதிக நாள் ஒற்றுமையாக இருப்பதில்லை. குரோலண்ட் பாலத்தின் கணக்கு அங்கேயும் வேலை செய்கிறது.

அப்படி ஏற்கனவே விட்டுப்போன மூன்றாவது கை இருக்கிற வீடுகளுக்கு, புடாபெஸ்ட் நகரத்துப் பாலம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டான்யூப் ஆற்றின்மேல் இருக்கும் மார்கரெட் பாலம். பிரெஞ்சுப் பொறியாளர் ஏர்னஸ்ட் குவான் வடிவமைத்தது. 1872-இல் தொடங்கி 1876-இல் முடித்தார்கள். புடா கரையிலிருந்து ஒரு பாதி, பெஸ்ட் கரையிலிருந்து ஒரு பாதி. இரண்டும் நேர்க்கோட்டில் சேராமல், நடுவில் 165 பாகைக் கோணத்தில் சற்றே வளையும். அந்த வளைவின் முனைக்கு எதிரே ஒரு தீவு இருக்கிறது. தீவுக்கும் ஒரு கிளை போக வேண்டும் என்று திட்டத்திலேயே இருந்தது. ஆனால் காசு போதவில்லை. இரண்டு கரைகளும் சேர்ந்துகொண்டன, தீவு காத்திருந்தது. 24 ஆண்டுகள். 1900-இல்தான் மூன்றாவது கிளையைக் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் பாலம் உடைந்து, மறுபடி எழுப்பியபோதும் அந்தக் கிளையை விட்டுவிடவில்லை. இன்று அந்தத் தீவுதான் நகரத்து மக்கள் காலாற நடக்கும் பெரிய பூங்கா.

24 ஆண்டுகள் கழித்து ஒரு பாலத்துக்கே மூன்றாவது கை முளைத்திருக்கிறது என்றால், மூன்று ஆண்டுகளாகப் பேசாத தம்பிக்கு அழைப்பது ஒன்றும் முடியாத காரியம் இல்லை.

அம்மா, அப்பா இன்னும் தூணாக நிற்கிற வீடுகளுக்கு வேலை இன்னும் சுலபம். இந்த வாரம் அம்மாவிடம், "அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்காதீர்கள். அக்காவையே கூப்பிட்டுக் கேளுங்கள். சொல்வதற்கு விஷயம் ஒன்றும் இல்லையென்றாலும் பரவாயில்லை. பாலத்தின் நடுவில் போய் இடது பக்கம் திரும்பச் சொல்லும் ஒரு ஊரைப் பற்றிச் சொல்லுங்கள். சிரிப்பார்கள். அடுத்த வாரம் அவர்களே கூப்பிடுவார்கள்.