காவலை நம்பிக் கண்ணயர்தல் தகுமோ?

கணினி வைத்திருக்கும் ஒருவரிடம் அதன் பாதுகாப்பைப் பற்றி வினவினால், பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே: "நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் போட்டிருக்கிறேன், இனிப் பயமில்லை." காவல்நாய் ஒன்றை வாங்கிவிட்டுக் கதவைத் திறந்துபோட்டு உறங்குவதற்கு ஒப்பான இக்கருத்து, கற்றோரிடையேயும் வேரூன்றியிருப்பது வருந்தத்தக்கதாகும். ஆண்டுக்கணக்காகத் திரட்டிய ஆய்வுத் தரவுகளையும் எழுதி முடியாத ஆய்வேடுகளையும் ஒரே வன்தட்டில் வைத்திருக்கும் பல்கலைக்கழகத்தார்க்கு, இத்தகைய நம்பிக்கையின் விலை மிகப் பெரிது. ஆதலின் அதனைத் தயக்கமின்றிக் கண்டித்தல் நம் கடமையாகிறது.

காவல் மென்பொருளும் மனிதர் எழுதிய மென்பொருளே. ஏனைய நிரல்களில் வழுக்கள் உள்ளமைபோல அதனிடத்தும் வழுக்கள் உண்டு. அன்றியும், அது கணினியின் மிக உயர்ந்த அதிகாரத்துடன் இயங்குகிறது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கோப்பையும் பொதியையும் தானே பிரித்துச் சோதிக்கிறது. அப்பரிசோதனையில் வழு ஒன்று இருப்பின், சோதிப்பவனையே வீழ்த்துமாறு பொதியை அமைத்தல் பகைவனுக்கு இயலும். காவலன் வீழ்ந்தால் அவன் கையிலிருந்த சாவிக்கொத்து முழுவதும் பகைவன் வசமாகும்.

இது வெறுங் கற்பனையன்று. 2004 மார்ச் 18ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் இன்ரர்நெற் செக்கியூரிற்றி சிஸ்ரம்ஸ் நிறுவனத்தின் காவல் மென்பொருள்களில் வழு ஒன்று உள்ளதென்ற செய்தி வெளியாயிற்று. வழு நீக்கிய பதிப்புகளும் கிடைத்தன. ஆயினும் மறுநாள் இரவே 'விற்றி' எனப் பெயர்பெற்ற புழு புறப்பட்டது. பிளாக் ஐஸ், றியல் செக்கியூர் ஆகிய அந்நிறுவனத்துப் பொருள்களை நிறுவியிருந்த கணினிகளையே அது தாக்கியது. ஏறத்தாழ 12,000 கணினிகள் அதற்கு இரையாயின. அவற்றுட் பெரும்பாலானவை 45 நிமிடங்களுக்குள் வீழ்ந்தன. பயனர் எவரும் எந்த மடலையும் திறக்கவில்லை. எந்த இணைப்பையும் சொடுக்கவில்லை. வலையமைப்பின் வழியே வந்த ஒற்றைப் பொதியைக் காவல் மென்பொருள் ஆராய முற்பட்டதே போதுமாயிருந்தது. உட்புகுந்த புழு 20,000 பொதிகளைப் பிற கணினிகளை நோக்கி அனுப்பிவிட்டு, வன்தட்டில் நினைத்த இடத்தில் குப்பைத் தரவை எழுதும். பின்னர் மீண்டும் அனுப்பும். கணினி செயலிழக்கும்வரை இச்சுழற்சி தொடர்ந்தது. காவலற்றிருந்த கணினி தப்பியது, காவல் பூண்ட கணினி அழிந்தது என்பதே இந்நிகழ்ச்சியின் கசப்பான உண்மையாகும்.

இரண்டாவது சான்று நம் சோம்பலைச் சுட்டுவது. சிமன்ரெக் நிறுவனம் பெரு நிறுவனங்களுக்கென விற்ற தடுப்பு மென்பொருளில் 2006 மே மாதத்தில் வழு ஒன்று கண்டறியப்பட்டு, விரைவிலேயே திருத்தமும் வழங்கப்பட்டது. எனினும் அவ்வாண்டின் இறுதியில் அதே வழுவைப் பற்றிக்கொண்டு புழுக்கள் பரவின. மருந்து கைக்கு வந்து அரையாண்டாகியும் அதனை உட்கொள்ளாதார் பலர் இருந்தமையே அதற்குக் காரணம். இதற்கு விற்றவரை மட்டும் நோவதில் நியாயமில்லை.

காவலைத் துளையாது அதன் வாயைக் கட்டும் புழுக்களும் உள. 2002இல் உலகெங்கும் பரவிய 'கிளெஸ்' தடுப்பு மென்பொருள்களை நிறுத்த முயன்றதோடு அமையாது, தன்னையே கிளெஸ்ஸுக்கு மாற்று மருந்தெனக் கூறிக்கொண்டு மின்மடலில் வந்தது; காவல் மென்பொருள் எச்சரித்தால் அதனைப் பொருட்படுத்த வேண்டாமென்றும் அறிவுறுத்தியது. 2008 நவம்பரில் தோன்றிய 'கொன்பிக்கர்', தடுப்பு மென்பொருள் நிறுவனங்களின் தளங்களை அணுகவொட்டாது தடுத்தது. அது நுழைந்த வழுவுக்கு மைக்ரோசொப்ற் நிறுவனம் அதே ஆண்டு ஒக்ரோபர் 23இலேயே திருத்தம் வெளியிட்டிருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

அங்ஙனமாயின் காவலே வேண்டாமோ எனச் சிலர் வினவலாம். பூட்டை உடைக்கும் கள்வனும் உண்டென்பதற்காகப் பூட்டையே எறிந்துவிடுவார் இலர். காவல் வேண்டும், அதனைத் தெரிந்தெடுக்கும் அறிவும் வேண்டும். அத்தெரிவில் மூன்று மயக்கங்கள் நம்மிடையே உள்ளன.

விலையே நம்பகத்தின் அளவுகோல் என்பது முதலாவது. விற்றிப் புழுவுக்கு இரையானவையும் காசு கொடுத்து வாங்கிய காவல்களே. இரண்டைப் பூட்டினால் இருமடங்கு காப்பு என்பது இரண்டாவது. ஒரே வேளையில் கண்காணிக்கும் இரு மென்பொருள்கள் ஒன்றோடொன்று மோதிக் கணினியைத் தளரச் செய்யும். தாக்கத்தக்க வாயில்களும் இரண்டாகும். திருட்டுப் பிரதியும் காவலே என்பது மூன்றாவது. மூன்றனுள்ளும் இழிந்தது இதுவே. பூட்டுடைக்கும் நிரலை இயக்குவதற்காக இருக்கும் காவலைச் சற்றே நிறுத்துமாறு அதனை வழங்குவோர் கேட்பர். கிளெஸ் புழுவின் வேண்டுகோளும் இதுவேயன்றோ? கள்வனிடம் வாங்கிய பூட்டுக்கு மறுசாவி யாரிடம் இருக்குமென்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நம்பத்தக்க காவலை அறியும் வழி வேறு. தன் வழுக்களை ஒளியாது அறிவித்து விரைந்து திருத்தும் நிறுவனமா என்று பார்த்தல் வேண்டும். வழுவே இல்லையென மார்தட்டுவோனை முதலில் ஐயுறுக. ஜேர்மனியின் மக்டபேர்க் நகரிலுள்ள ஏவி-ரெஸ்ற், ஒஸ்ரியாவின் இன்ஸ்புறுக் நகரிலுள்ள ஏவி-கொம்பறற்றிவ்ஸ் போன்ற ஆய்வகங்களின் முடிவுகளைப் பல தவணைகளுக்கு ஒப்பிட்டு நோக்குக. அவற்றுள் பொய் எச்சரிக்கைகளின் தொகையையும் காண்க. 2010 ஏப்ரில் 21இல் மக்கபி நிறுவனத்தின் இற்றைப்படுத்தல் ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பி இயக்குதளத்தின் இன்றியமையாக் கோப்பொன்றையே நச்சுநிரலெனக் கொண்டு நீக்க, எண்ணற்ற கணினிகள் முடங்கின. நண்பனைப் பகைவனென வெட்டும் காவலனாலும் கேடுண்டு.

தெரிந்தெடுத்த பின்னரும் பொறுப்பு நீங்குவதில்லை. காவல் மென்பொருளையும் இயக்குதளத்தையும் தாமாகவே இற்றைப்படுமாறு அமைத்தலும், இன்றியமையாதவற்றைப் பிரதிசெய்து கணினியோடு இணையாத வேறொரு தட்டில் வைத்தலும் வேண்டும். விற்றிப் புழு வன்தட்டைச் சிதைத்த நாளில், இழந்ததை மீளப்பெறும் வழி அவ்வாறு பிரதி வைத்திருந்தார்க்கே இருந்தது.

வேலியே பயிரை மேய்ந்தது என்பது பழமொழி. மேற்கூறியவற்றில் வேலி துரோகம் செய்யவில்லை. வேலியிற் பொத்தல் விழுந்ததையும் அதனை அடைக்கும் முள் வாசலில் கிடந்ததையும் அறியாது உழவன் உறங்கினான். உறங்கியவன் வேலியை நொந்து பயனில்லை. வேலியைச் சுற்றிவந்து பார்க்கும் பழக்கத்தை இன்றே நாம் கைக்கொள்வோமாக.