தலையெழுத்தைக் கிழித்தவள் தளையை அணிவதா?

கதவு பூட்டப்பட்டிருக்கிறது. சாளரத்துக்குக் கம்பி. காலிலே வெள்ளிச் சங்கிலி. உள்ளே ஒருத்தி; வெளியே சாவியோடு ஒருவன். வேறொருவனைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாளாம். இனி அவனைத் தவிர எவரையும் அவள் காணக்கூடாதாம்!

சிறைச்சாலைக் காட்சியா? அல்ல. கொடுங்கோலன் ஒருவனின் வரலாறா? அதுவும் அல்ல. காதல் காட்சி! ஆம் தோழர்களே, காதல் காட்சி என்றுதான் எழுதுகிறார்கள். காதல் காட்சி என்றுதான் இலட்சக்கணக்கானோர் படிக்கிறார்கள். இன்றைய சீனத்தின் இணையத் தொடர்கதைகளிலே செழித்து வளர்ந்துவிட்ட கிளை ஒன்று உண்டு. வெறிகொண்ட வில்லன்களுக்கு நடுவே ஒருத்தி உயிர் பிழைக்கும் கதை அது. இந்தப் பூட்டிய அறைக்குச் 'சின்ன இருட்டறை' என்று வாசகர்கள் செல்லப் பெயரும் சூட்டிவிட்டார்கள். சிறைக்குச் செல்லப் பெயர்!

கதையின் கட்டுக்கோப்பைக் கேளுங்கள். ஊர்பேர் தெரியாத ஒரு பெண் இரவெல்லாம் நாவல் படிக்கிறாள். விழித்துப் பார்த்தால் அந்த நாவலுக்குள்ளேயே கிடக்கிறாள்! நாயகியாக அல்ல, மூன்றாம் அத்தியாயத்திலே சாகவேண்டிய துணைப் பாத்திரமாக. சுற்றிலும் கயவர்கள். ஒருவன் இளவரசன், ஒருவன் மாயக்கலை வல்லான், ஒருவன் கோடீசுவரன் வீட்டுப் பிள்ளை. மூவருக்கும் நோய் ஒன்றே: விரும்பியதை உடைமையாக்குவது, உடைமையாகாததை உடைத்துப்போடுவது. அவளிடம் வாளில்லை, வலிமையில்லை. ஒன்றே ஒன்று இருக்கிறது. கதையை முன்பே படித்திருக்கிறாள்! யார், எப்போது, ஏன் கொல்வான் என்பது அவளுக்குத் தெரியும்.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுவோம். 'தலையெழுத்து' என்பது நம் வழக்கிலே வெறும் பேச்சு. அக்கதையிலோ அது உண்மையாகவே எழுத்து! அவளுடைய சாவு அத்தியாய எண்ணோடு எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படித்தவள் அழுதாளா? ஆண்டவன் செயல் என்று அடங்கினாளா? இல்லை. காரணத்தைத் தேடினாள், காரணத்தை மாற்றினால் காரியம் மாறும் என்று கண்டாள், எழுதப்பட்ட சாவை அடித்து எழுதினாள். அறிவு விதியை வெல்லும் என்பதற்கு இதைவிட இனிய கதை உண்டா? பெரும்பாலும் பெண்களே எழுதி, பெண்களே படிக்கும் தளம் ஜின்ஜியாங் இலக்கிய நகரம். 2003 இல் தோன்றியது. அங்கே இக்கதைகள் பெருகியதில் வியப்பில்லை. வல்லவனின் முகத்தைப் பார்த்தே அவனுடைய அடுத்த சினத்தைக் கணிக்கும் கலையைப் பெண்ணினம் நெடுங்காலமாகப் பயின்றிருக்கிறதே!

ஆனால், இறுதி அத்தியாயத்தைப் புரட்டுங்கள். நெஞ்சு கொதிக்கிறது. விதியை வென்றவள் வில்லனிடம் தோற்கிறாள்! பூட்டியவனுக்கே மாலை சூட்டுகிறாள். அவன் கெட்டவன் அல்லனாம். குழந்தைப் பருவத்திலே அன்பு கிடைக்காதவனாம். அவள் பொறுத்தாள், புன்னகைத்தாள், அவன் திருந்தினான். சாவி மேசைமேல் கிடக்கிறது, கதவு திறந்திருக்கிறது, அவள் போகவில்லை. இதற்குப் பெயர் இன்ப முடிவு!

புதுமையா இது? பழமை! கைப்பேசியிலே ஏறி வந்த பழமை! கி.மு. முதல் நூற்றாண்டிலே லியூ சியாங் என்பார் நற்பெண்டிர் வரலாறுகளைத் தொகுத்தார். அதிலே போ-ஜி என்றொரு மாதரசி வருகிறாள். மாளிகை தீப்பற்றி எரிகிறது. வெளியேறு என்கிறார்கள். துணைவரும் மூதாட்டி இன்றி இரவிலே வாசல் தாண்டுவது முறையன்று என்கிறாள். மூதாட்டி வரவில்லை; தீ வந்தது. வெந்து மடிந்தவளை உத்தமி என்று புகழ்ந்தது ஏடு! அங்கே திறந்த கதவை மரபு அடைத்தது. இங்கே திறந்த கதவைக் 'காதல்' அடைக்கிறது. வேறுபாடு வேறென்ன?

அந்தச் சீனத்திலேதான் லூ சுன் பிறந்தார். 1918 இல் கற்புக் கோட்பாட்டைக் கூண்டிலேற்றிக் கட்டுரை தீட்டினார். 1923 டிசம்பரில், பெய்ஜிங் மகளிர் கல்லூரியிலே, இப்சனின் நோரா வீட்டைவிட்டு வெளியேறினாளே, அதன் பிறகு அவள் கதி என்ன என்று கேட்டார். கையிலே பொருளில்லாவிட்டால் அவள் சீரழிவாள், அல்லது திரும்பி வருவாள். ஆகவே பொருளுரிமை வேண்டும் என்றார். நூறாண்டு கடந்துவிட்டது. இன்றைய கதாநாயகிக்கோ வெளியேறும் எண்ணமே வரக்காணோம்!

அரசு என்ன செய்தது என்பீர்கள். செய்தது! 2014 இல் இணையத்தைத் தூய்மை செய்யப் புறப்பட்டது. கழுத்துக்குக் கீழே எதையும் வருணிக்காதே என்று தளம் விதி வகுத்தது. கழுத்தை அளந்தார்கள், அந்தக் கழுத்தைச் சுற்றியிருக்கும் கையை அளந்தார்களா? 2018 இல் அன்ஹுய் மாநிலத்து வூஹூ நீதிமன்றம், ஆணும் ஆணும் கூடும் கதையெழுதித் தானே அச்சிட்டு விற்ற ஒரு பெண்ணுக்குப் பத்தரை ஆண்டுச் சிறை விதித்தது. எழுதிய கைக்குப் பத்தரை ஆண்டு! அடிக்கும் கையைத் தடுக்க, இல்லத்து வன்முைறக்கெனத் தனிச் சட்டம் நடப்புக்கு வந்ததே 2016 மார்ச்சில்தான். தணிக்கையாளன் அறிவு தருபவன் அல்லன், தோழர்களே. அவன் சொல்லை வெட்டுவான், சங்கிலியை வெட்டமாட்டான்.

வணிகனும் குற்றவாளியே. அத்தியாயத்துக்குக் காசு என்ற முறையைச் சிடியான் தளம் 2003 இல் தொடங்கியது. ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. நாள்தோறும் எழுதவேண்டும், வாசகரை நாளையும் வரவழைக்கவேண்டும். பூட்டிய கதவு நூறு அத்தியாயம் தரும். திறந்த கதவோ ஒரே அத்தியாயத்தில் முடிந்துபோகும். எந்தக் கதவை விரும்புவான் கடைக்காரன்?

'கதைதானே! கற்பனைக்கும் வாழ்க்கைக்கும் வேறுபாடு தெரியாதவர்களா நாங்கள்?' என்று கேட்கும் தங்கையர் உண்டு. தெரியும், அம்மா. உங்களை அறிவிலிகள் என்று எவரும் கூறவில்லை. அச்சத்தைக் கற்பனையிலே தொட்டுப் பார்ப்பது குற்றமுமன்று. ஆனால், போ-ஜியின் வரலாறும் கதைதான். ஒரு முறை சொன்னால் கதை. ஓராயிரம் முறை சொன்னால் ஒழுக்கம். 'அவன் அடிக்கிறான், ஆகவே அன்பு கொண்டிருக்கிறான்' என்ற நஞ்சு அப்படித்தான் ஊறுகிறது.

வாழ்க்கை எழுதும் கடைசி அத்தியாயத்தையும் பாருங்கள். 2020 செப்டம்பரில், ஸிச்சுவான் மாநிலத்திலே, மலைவாழ்வைக் காணொளியாக்கிப் புகழ்பெற்ற ஒரு திபெத்தியப் பெண் எரிக்கப்பட்டாள். எரித்தவன் விடுவிக்கப்பட்ட கணவன். விட்டு விலகியவளை விடமாட்டேன் என்ற வெறி! முன்பு காவல்துறையிடம் முறையிட்டபோது குடும்ப விவகாரம் என்று தள்ளினார்கள் என உடன்பிறந்தவள் கூறினாள். 2022 இல் அவன் தண்டிக்கப்படவில்லையே என்று எவரும் வருந்தவேண்டியதில்லை. மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. போன உயிர் திரும்பிற்றா? உடைமை வெறிக்குக் கதையிலே மலர்மாலை, வாழ்க்கையிலே பெட்ரோல்!

தடைசெய்யச் சொல்கிறோமா? இல்லை! கொளுத்தச் சொல்கிறோமா? இல்லவே இல்லை! படியுங்கள், கேள்வியோடு படியுங்கள். சாவி எவர் கையில்? அவன் திருந்துவதற்குக் கொடுக்கப்பட்ட விலை எவருடைய ஆண்டுகள்? மறுத்துவிட்டு உயிரோடு வெளியேற அவளால் முடியுமா? முடியாதெனில் அது காதலன்று, காவல்.

எழுதும் தோழியரிடம் வேண்டுவதும் ஒன்றே. முதல் அத்தியாயத்திலே தலையெழுத்தைக் கிழிக்கும் துணிவை அவளுக்குத் தந்தீர்களே, கடைசி அத்தியாயத்தில் அதை ஏன் பறிக்கிறீர்கள்? அவனை அவன் நோயோடு விட்டுவிடுங்கள். அவள் கையிலே கூலியும் காலிலே செருப்பும் கொடுங்கள். நடக்கட்டும்! நோராவுக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு, எழுதப்படாத அத்தியாயம் அங்கேதான் தொடங்குகிறது.