போதும் என்று சொல்வது யார்?

கல்வி வளாகங்களில் சத்தற்ற நொறுக்குத்தீனி விற்பதைத் தடை செய்யுமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் அறிவுறுத்தியது. 2018-இல் மீண்டும் வலியுறுத்தியது. ஆயினும் தேர்வுக்கால நள்ளிரவில் விடுதி மாணவருக்குப் பெரும்பாலும் எட்டுபவை சிப்ஸும் பிஸ்கட்டும் குளிர்பானமுமே. இதனை மாணவரின் நாவடக்கமின்மை எனக் கடிந்து ஒதுக்குவது எளிது. அறிவியல் காட்டும் உண்மை வேறு.

சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த உணவைத் தொடர்ந்து உண்டால், கல்லீரலும் தசைகளும் இன்சுலினுக்கு இணங்குவது குறைகிறது. மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியும் பாதிப்புறுவதை விலங்காய்வுகள் காட்டியுள்ளன. புதியவற்றை நினைவில் பதிப்பதில் முதன்மையான அப்பகுதிக்கு, வயிறு நிறைந்தபின் உண்ணும் வேட்கையைத் தணிப்பதிலும் பங்குண்டு.

ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் உடல்நலமுள்ள, பருமனற்ற இளையோர் 110 பேர் பங்கேற்றனர். அவர்களுள் ஒரு பிரிவினர் ஒரு வாரம் மட்டும் அத்தகைய உணவை உண்டனர். அவர்களது நினைவுத்திறன் குன்றியது. வயிறு நிறைந்த பின்னும் தின்பண்டங்களின்மேல் ஆவல் கூடியது.

ஆக, ‘போதும்’ எனச் சொல்ல வேண்டிய ஆற்றலையே அவ்வுணவு தளர்த்துகிறது. அந்நிலையில் மன உறுதியைப் போதிப்பது மட்டும் பயன் தராது. நூலகம் நள்ளிரவுவரை திறந்திருக்கும் வளாகத்தில், அவித்த கடலையும் பழமும் மோரும் அந்நேரம்வரை மலிவாகக் கிடைக்க வேண்டும். நினைவாற்றலைச் சோதித்துப் பட்டம் வழங்கும் நிறுவனம், அந்நினைவுக்கு ஊறு செய்யாத உணவை வழங்கவும் கடமைப்பட்டது.