பாடத்தை மாற்றிக்கொள்ள வழி விடுங்கள்

பிளஸ் 2 முடிவு வந்த மறுநாளிலிருந்து திண்டுக்கல் மாவட்டச் செம்பட்டியில் பிள்ளைகள் கூடுமிடம் பிரவுசிங் சென்டர். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பம், எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எது முதல் விருப்பம் என்று கேட்டுக்கொண்டே போகிறது. அப்பா தோப்பு வேலைக்கோ மில் ஷிப்டுக்கோ போயிருப்பார். "பி.காம். போட்டுறட்டுமா? எல்லாரும் அதைத்தான் போடுறாங்க" என்கிறார் கணினி முன் இருப்பவர். பிள்ளை தலையாட்டுகிறது. கட் ஆஃப் எட்டாமல் அது கைநழுவினால், அடுத்தடுத்துக் குறித்த பொருளியலோ வரலாறோ இயற்பியலோ கிடைக்கிறது. மூன்றாண்டுப் படிப்பு பத்தே நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. திண்டுக்கல், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் என்று நாலாபக்கமும் பஸ் போகும் ஊர் இது. எந்த பஸ்ஸில் போனால் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம் என்பதை வைத்துக் கல்லூரி முடிவாகிறது. அங்கே இருக்கும் பாடம்தான் அவள் பாடம்.

இப்படிச் சேர்ந்தவர்களைப் பார்த்துத்தான், படிப்பில் அக்கறை இல்லை, வகுப்புக்கு வருவதில்லை, அரியர் குவிகிறது என்று குறை சொல்கிறோம். இந்தக் குற்றச்சாட்டை நாம் ஏற்கவில்லை. ஆர்வம் மாணவரின் குணக்கேட்டால் குறைவதில்லை. தான் தேர்ந்தெடுக்காத ஒன்றில் அடைபட்டுக் கிடப்பதால் குறைகிறது. அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து சொன்னதும் இதையொட்டியதே: இது என் முடிவு, என்னால் முடியும், எனக்கு மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற மூன்று உணர்வுகளும் உள்ள இடத்தில்தான் ஊக்கம் நிலைக்கும். நம் பிள்ளைகளுக்கு முதலாவதே வாய்ப்பதில்லை.

விருப்பமில்லாத பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு அவர்கள் செய்வது என்ன? பலர் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 வழிகாட்டி நூலைப் பிரிக்கிறார்கள். 2025ஆம் ஆண்டுத் தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட பணியிடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 14 லட்சம் பேர். ஓர் இடத்துக்குச் சுமார் 350 பேர் மோதும் இந்தத் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும்! பட்ட வகுப்பில் உட்கார்ந்தபடி, பட்டமே தேவைப்படாத தேர்வுக்கு ஒரு தலைமுறை படித்துக்கொண்டிருக்கிறது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தந்து, அரசுப் பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளைகளைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்திருக்கின்றன. பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் வீட்டில் கை நீட்ட வேண்டியதில்லை என்பது சிறிய விஷயமல்ல. நான் முதல்வன் திட்டத்தின் கீழ் பிளஸ் 2 முடிப்பவர்களுக்குக் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சியும் நடக்கிறது. ஆனால் அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. பதினைந்து வயதில் பிளஸ் 1 குரூப் எடுக்கும்போதே பாதி வழிகள் அடைபட்டுவிடுகின்றன. அந்தக் குரூப்பையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும், பக்கத்துப் பள்ளியில் என்ன இருக்கிறது என்பதுமே முடிவு செய்கின்றன. வழிகாட்டுதல் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். அதுவும் மேடைப் பேச்சாக இல்லாமல், நேரில் போய்ப் பார்ப்பதாக இருக்க வேண்டும். செம்பட்டிப் பிள்ளைகளுக்குக் காந்திகிராமப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கு படிப்பவர்களைக் கிராமங்களில் தங்க வைத்துக் கற்கச் செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. எதிர்த்திசையில், கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஆய்வகத்திலும் வயலிலும் சில நாள் இருந்து பார்க்க ஏன் ஏற்பாடு செய்யக்கூடாது?

நாம் முதன்மையாக வலியுறுத்துவது வேறொன்று. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் முதல் செமஸ்டர் முடிந்ததும் மேஜரை மாற்றிக்கொள்ளும் உரிமை வேண்டும். இன்றைய நடைமுறையில் சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டால் மூன்றாண்டும் அதே பாடம்தான். பிடிக்காதவர் சகித்துக்கொள்ள வேண்டும், அல்லது நின்றுவிட வேண்டும். நின்றுபோனவர்களின் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. அந்த இடங்களை முதல் செமஸ்டர் மதிப்பெண் அடிப்படையில் மாற விரும்புவோருக்குத் தருவதில் அரசுக்குப் பெரிய செலவில்லை. விடுபட்ட தாள்களை இரண்டாம் ஆண்டுக்குள் எழுதி முடிக்கப் பல்கலைக்கழகம் அனுமதித்தால் போதும்.

வரலாறு, இயற்பியல் துறைகள் காலியாகிவிடும், ஆசிரியர் பணியிடம் போய்விடும் என்ற அச்சம் பேராசிரியர்களுக்கு இருக்கிறது. அது நியாயமான அச்சம்தான். எனவே ஒரு துறையிலிருந்து வெளியேறுவோர் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கலாம். உள்ளே வர விரும்புவோரும் உண்டு: எல்லாரும் போடுகிறார்கள் என்று பி.காம். சேர்ந்து, வரலாற்றில் மனம் போன பிள்ளைகளும் நம் கல்லூரிகளில் இருக்கிறார்கள் என்பதை அந்தப் பேராசிரியர்களும் அறிவார்கள்.

1952 தேர்தலில் நம் ஆத்தூர்த் தொகுதி சட்டமன்றத்துக்கு அனுப்பிய டாக்டர் சௌந்தரம், இளம் வயதில் கணவரை இழந்தவர். அதன்பின் தில்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் படித்து 1936இல் மருத்துவரானபோது அவருக்கு வயது 32. வாழ்க்கையை மறுபடி தொடங்க அவருக்கு வாய்ப்பு கிடைத்ததால்தான் 1947இல் இந்த மண்ணில் அவர் முயற்சியால் காந்திகிராமம் பிறந்தது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு செமஸ்டர் கழித்து இன்னொரு வாய்ப்புத் தர நாம் தயங்குகிறோம்.

வரும் ஜூன் சேர்க்கைக்கு முன் உயர்கல்வித் துறை இதற்கான ஆணையை வெளியிட வேண்டும். அத்துடன், ஒவ்வொரு துறையிலும் படித்து வெளியேறியவர்கள் இன்று என்ன வேலையில் இருக்கிறார்கள் என்பதைக் கல்லூரிகள் விண்ணப்ப நேரத்திலேயே அறிவிக்க வேண்டும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: பிரவுசிங் சென்டருக்குப் போவதற்கு முன், அந்தப் பாடத்தை இப்போது படித்துக்கொண்டிருக்கும் இரண்டு பேரிடம் உங்கள் பிள்ளையை ஒரு மணி நேரம் பேச விடுங்கள்.