திருவிழாத் திடலில் ராட்டினத்துக்கு இடம் வேண்டும்



மாசியில் மேல்மலையனூர், பங்குனியில் மயிலம், சித்திரையில் கூவாகம் என்று உற்சவங்கள் அடுத்தடுத்து வரும் எங்கள் பிரதேசத்தில், சுவாமி தரிசனம் முடிந்து வெளியே வரும் குழந்தைகள் முதலில் தேடுவது ராட்டினத்தைத்தான். அண்மையில் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் திருவிழாவில், வழக்கமாகத் தொட்டில் ராட்டினம் நிற்கும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகை நிற்கக் கண்டேன். ஆளுக்கு 100 ரூபாய் வாங்கிக்கொண்டு, குழந்தைகளை நாற்காலியில் வைத்து வாரால் இறுக்கி, கண்களைக் கறுப்புக் கண்ணாடிப் பெட்டியால் மூடி, எந்தத் தேசத்துப் பனிமலையிலோ ஓடும் வண்டியைப் படமாகக் காட்டி, அதற்கேற்ப நாற்காலியைக் குலுக்கி அனுப்புகிறார்கள். வெளியே வந்த சிறுவர்களின் முகத்தில் கண்ட தலைசுற்றலைச் சந்தோஷம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

மண்ணில் ஆழப் புதைத்த மரக்கால்கள், குறுக்கே ஓர் அச்சு, அதில் மாட்டிய நான்கு தொட்டில்கள். இவ்வளவுதான் பழைய ராட்டினம். மின்சாரமும் டீசலும் இன்றி, கீழே வரும் தொட்டிலை ஒருவர் கையால் பிடித்துத் தள்ளிவிட, மேலே எழும்பும் குழந்தை தன் ஊர்க் கோபுரத்தையும், ஏரிக்கரையையும், பாறைக் குன்றுகளையும், வானம் தெளிந்திருந்தால் வடமேற்கே அண்ணாமலையையும் கண்டு, பயமும் குதூகலமும் ஒருங்கே மேலிட, “அண்ணே, மெதுவா!” என்று கூவும், அதைக் கேட்டு அவரும் வேகத்தைத் தணிப்பார். திருவிழாவுக்கு வந்த குழந்தைக்குத் திருவிழாவையே மேலிருந்து காட்டியது அந்த ராட்டினம்; அதே திருவிழாவைக் கண்ணிலிருந்து மறைப்பதற்குக் கட்டணம் வாங்குகிறது இந்தக் கொட்டகை.

காலம் மாறினால் கேளிக்கையும் மாறத்தான் வேண்டும் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அமெரிக்காவில் ப்ளோரிடா மாகாணத்து டிஸ்னி நிறுவனத்தாரும், 1983 முதல் நடந்துவந்த ‘ஜர்னி இன்டு இமாஜினேஷன்’ என்னும் கற்பனைப் பயணத்தை அவ்விதமே கருதி மூடிவிட்டு, குழந்தைகள் நேசித்த ‘ஃபிக்மென்ட்’ என்ற ஊதா நிறக் குட்டி டிராகனைப் பெரும்பாலும் ஒதுக்கிய புதிய பயணம் ஒன்றை 1999இல் திறந்தார்கள். ஜனங்கள் ஆக்ஷேபித்தார்கள். 2001இல் அது மூடப்பட்டு, 2002இல் ஃபிக்மென்ட் திரும்பி வந்தது. வியன்னா நகரத்தாரும், 1897இல் நிறுவப்பட்ட தங்கள் ராட்சத ராட்டினம் யுத்தத்தில் எரிந்துபோனபோது, பெட்டிகளைப் பாதியாகக் குறைத்தேனும் 1947இல் அதை மறுபடியும் சுழலவிட்டார்கள்.

மர ராட்டினம் அபாயம் என்போர், 2019இல் அகமதாபாத் காங்கரியா ஏரிக்கரையில் யந்திர ஊஞ்சல் முறிந்து உயிர்கள் போனதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பரிசோதனை இரண்டுக்குமே அவசியம்.

திடல் முழுவதையும் ஒருவருக்கே ஏலத்தில் விடும்போது, அவர் கேட்கும் தரைவாடகையைக் கட்டமுடியாமல் விலகிப்போவது இரண்டு மரக்கால்களை மட்டுமே முதலாகக் கொண்ட ராட்டினக்காரர்தான். ஆகையால் திருவிழா நடத்தும் ஊராட்சிகளும் கோயில் நிர்வாகங்களும், கைராட்டினத்துக்கென்று ஓர் இடத்தை ஏலத்தில் சேர்க்காமல் ஒதுக்கி, அச்சையும் தொட்டில்களையும் சோதித்தபின் குறைந்த வாடகைக்குக் கொடுக்கவேண்டுமென்று தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டிக்கொள்கிறேன். வரும் ஆடி மாதத் திருவிழாக்களிலேயே இதைத் தொடங்கலாம்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
கண்டாச்சிபுரம்.